மறுபடி பற்றிக்கொண்ட பேட்டரி

வேலம்பாளையம்

கண்ணு கீதாஞ்சலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே தண்ணீருக்கு நடுவில் நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். போனில் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுகிறேன், நீயும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் லீவு முடிந்து உன் கப்பலுக்கே திரும்புகிற பல்லடத்து எலக்ட்ரீஷியன் பெருமாள்சாமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் எங்கள் பனியன் கம்பெனியில் தீப்பிடித்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா, என்னால் முடியவில்லை. கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் புகை வந்தது, வாட்ச்மேன் தண்ணீர் ஊற்றினார், அணைந்தது. நாங்களும் சிரித்துக்கொண்டே மேலே போய் செக்கிங் டேபிளில் நின்றோம். டீ குடித்து முடிப்பதற்குள் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். அதே வண்டி மறுபடி பற்றிக்கொண்டு துணி பண்டல்களையும் பிடித்துவிட்டது. அது விறகுப் புகை மாதிரி இல்லை கண்ணு, ஒரு வாய் உள்ளே போனதும் தொண்டையில் ஊசி குத்துகிறது. பின்பக்கப் படியில் இறங்கினால் கீழே ஷட்டர் பூட்டியிருக்கிறது. என்னோடு வேலை செய்கிற மருதாள், "என்ற போனு மேல இருக்குதுங்கக்கா" என்று திரும்பினாள், சேலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். ஷட்டரைத் தட்டித் தட்டிக் கை மரத்துப்போயிற்று, இனி உன்னைப் பார்க்க மாட்டேன் என்றே நினைத்தேன். அப்போதுதான் சூப்பர்வைசர் மோகன்ராஜ் வெளியிலிருந்து புகைக்குள் ஓடி வந்து பூட்டை உடைத்து ஷட்டரைத் தூக்கினான். நாங்கள் எல்லோரும் பிழைத்தோம். அவன்தான் இரண்டு கையும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள்.

ஒரு ஸ்கூட்டருக்கே இந்தப் பாடு. நீ துணி ஏற்றுகிற கப்பல் என்றுதானே சொல்லியிருந்தாய். நேற்று முன்தினம் சொல்லிக்கொண்டு போக வந்த பெருமாள்சாமி வாய் தவறி, "துணியெல்லாம் இல்லீங்கம்மா, பூராவும் காருங்க, பாதி பேட்டரிக் காருங்க" என்றுவிட்டான். ஆள் நடக்க இடமில்லாமல் ஒட்டி ஒட்டி நிறுத்துவார்களாமே, ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பதற்கும் தாவுமாமே, தளத்தையே அடைத்துத் தீயணைக்கிற வாயுவை நிரப்பினாலும் பேட்டரிக்குள் சூடு இருந்து தீ மறுபடி கிளம்புமாமே. நடுக்கடலில் எந்தப் பக்கம் ஓடுவாய்? தீ என்றால் முகமூடி மாட்டிக்கொண்டு முதலில் உள்ளே போகிற குழுவில் நீயும் இருக்கிறாய் என்றானே. டிவியில் கப்பல் என்று வந்தாலே அப்பா சேனலை மாற்றுகிறார், அவருக்கும் பயம்தான், சொல்ல மாட்டார்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று மோகன்ராஜைப் பார்க்கப் போனோம். அவன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அத்தன பேரு வெளிய நின்னாங்கல்ல, நீ எதுக்கு சாமி உள்ள போனே" என்று அழுதாள். உள்ளே இருந்தது நான் கண்ணு. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அதன் பிறகு போகாதே என்று உனக்கு எழுதக் கை வரவில்லை. தீக்குள் போவதென்றால் தனியாகப் போகாதே, முகமூடி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல், அணைந்துவிட்டது என்று நம்பி முதுகைக் காட்டாதே. இனிமேல் துணிக் கப்பல் என்று என்னிடம் பொய் சொல்லாதே, பயம் வந்தால் வரட்டும், தெரிந்தே பயப்படுகிறேன்.

கொண்டத்துக் காளியம்மன் உன் பக்கத்திலேயே நிற்பாள், குறையில்லாமல் நீ நல்லா இருக்கணும். கொள்ளுப்பொடி கொடுத்திருக்கிறேன், எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு. கரை தெரிந்ததும் முதல் போன் எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
வேலாத்தாள்