பின்லாந்து சபையில் அன்சரின் குரல்

கள்ளக்குறிச்சி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகன் ஜுல்பிகருக்கு உன் அம்மா ஜீனத்துன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்தப் பின்லாந்துக் குளிரில் உன் உடம்புக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், அதுதான் முறை, ஆனால் கை வரவில்லை. உன் அத்தாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன் தங்கை ஷாஜியா கல்லூரிக்குப் போய்வருகிறாள், எனக்கு முழங்கால் வலி போன மழைக்கு இருந்ததைவிடக் கம்மிதான். உடம்பைப் பற்றிச் சொல்வதென்றால் அவ்வளவுதான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ அதற்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய், கேட்டுக் கேட்டு நான் சொல்ல வந்ததே எனக்கு மறந்துபோகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

உன் வேலை என்ன என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று நீயே எனக்குப் பாடம்போலச் சொல்லிக் கொடுத்தாய். நாளைக்கு என்ன தொழில்நுட்பம் வரும், அதை வைத்துக்கொண்டு ஒரு ஊர் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் எப்படிப் பிழைக்கலாம், அதற்கு அரசாங்கம் என்ன கொள்கை வகுக்க வேண்டும் என்று இன்றைக்கே ஆராய்வது, தொலைநோக்கு ஆய்வு என்று பெயர் என்றாய். நானும் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். நீ உன் கூட்டாளிகளோடு கல்வராயன் மலைக்கு வந்தபோது விடியலிலேயே எழுந்து பிரியாணி கட்டி, நானும் கரியாலூர் வரைக்கும் வேனில் வந்தேன், நினைவிருக்கிறதா. சுவர் நிறையக் கலர் கலராகச் சீட்டு ஒட்டி, இன்னும் பதினைந்து வருஷத்தில் இந்த மலை எப்படி இருக்க வேண்டும் என்று மலை ஜனங்களைக் கேட்டாய். மரவள்ளி பயிர் செய்கிற ரங்கம்மாள் எழுந்து, "பதினஞ்சு வருசம் கெடக்கட்டும் தம்பி, கெழங்கு வெட்டி ரெண்டு நாள் வெச்சா கறுத்துப் பூடுது, கீழ இருந்து வர்ற ஏவாரி சொல்றதுதான் வெல, அதுக்கு இன்னா வழி சொல்லு" என்று கேட்டாள். நீ அதற்கு வழி சொன்னாய். அந்தக் கிழங்கு மாவில் மக்கிப்போகிற பை செய்யலாம், பிளாஸ்டிக்கைத் தடை செய்திருக்கிறார்கள், இனி உலகமே இந்தப் பக்கம்தான் வரப்போகிறது என்றாய். கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் மகன் பேசுகிறான் என்ற பெருமையில் தட்டினேன்.

அப்போது மார்க்கெட்டில் நம் பிளாஸ்டிக் கவர்க் கடை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். தடை வந்ததிலிருந்து அத்தா காகிதத் தட்டும் துணிப் பையும் விற்று ஓட்டிக்கொண்டிருந்தார், பெரிதாக இல்லாவிட்டாலும் கௌரவமாக ஓடியது. உன் தம்பி அன்சருக்கு அந்தக் கடைதான் எல்லாம். வாய் ஓயாமல் பேசி, மார்க்கெட் சனத்தை முழுக்கச் சிரிக்க வைத்து விற்பான். அவனைத்தான் நீ பிடித்தாய். "கடையில உக்காந்து அடுத்தவன் செஞ்சத வித்துக்கினு இருக்காத, நீயே செய், நம்ம ஊருக்கே வழிகாட்டியா இருக்கும்" என்று நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. அத்தா மட்டும் இழுத்தார். "அண்ணன் படிச்சவரு அத்தா, அவுரு சொன்னா தப்பா பூடுமா" என்று அன்சர்தான் அவர் வாயை அடைத்தான். கடையின் பாதியைக் கைமாற்றிவிட்டு வடக்கனந்தலில் கொட்டகை போட்டு மெஷின் இறக்கினோம். ரங்கம்மாளும் அவள் சொந்தக்காரர்களும் சாமை போடுகிற நிலத்திலும் மரவள்ளியை நட்டார்கள், வாங்கிக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தது அன்சர்.

பிறகு நடந்தது உனக்கும் தெரியும், ஆனாலும் நான் சொல்கிறேன், ஒருமுறையாவது என் வாய்வழியாக நீ கேட்க வேண்டும். முதலில் பை நன்றாகத்தான் வந்தது, கடைக்காரர்கள் அதிசயமாகப் பார்த்து வாங்கினார்கள். அப்புறம் சோதனைக்கு வந்தவர்கள் இதையும் பிளாஸ்டிக் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். மக்கும் பை என்று சான்றிதழ் காட்டு என்றார்கள். சான்றிதழுக்குச் சென்னைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் அன்சர் அலைந்த அலைச்சலில் செருப்புத் தேய்ந்தது என்று சொன்னால் பொய்யில்லை. இவன் அலைந்துகொண்டிருக்கையில் தடை செய்த பிளாஸ்டிக் பை மறுபடியும் பூக்கடையில் தொங்கியது, மீன்கடையில் தொங்கியது, யாரும் கேட்கவில்லை. கொட்டகையில் அடுக்கியிருந்த நம் பை எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்தச் சமயம் பார்த்து மலையில் கிழங்கு முற்றி நின்றது. அன்சர் உன்னிடம்தான் ஓடி வந்தான், போனில்தான் வேறெப்படி. யாரிடமாவது சொல்லி வழி பண்ணுங்கள் அண்ணா என்று கெஞ்சினான். நீ என்ன சொன்னாய்? நடப்பதையெல்லாம் விடாமல் குரலில் பதிவு செய்து அனுப்பு, எனக்கு உதவியாக இருக்கும் என்றாய். யாருக்கு உதவி என்று அந்தப் பைத்தியக்காரன் கேட்கவில்லை. கொட்டகையைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றபடியே அனுப்புவான். ரங்கம்மாள் கிழங்கு மூட்டையை வேனில் ஏற்றிவந்து கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு, "சாயபு வூட்டுப் புள்ள வார்த்த மாறாதுன்னு நட்டோம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு அவன் அனுப்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பக்கத்தில்தான் நின்றேன், பேச்சு பாதியில் உடைந்து அவன் அழுதான். அண்ணனிடம் அழுகிறான், அழட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கிழங்கையெல்லாம் அத்தா சொன்ன விலைக்கே எடுத்து, ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு நஷ்டத்துக்கு அனுப்பினார், மீதிக் கடையும் அதோடு போயிற்று. இப்போது கடை என்று இருப்பது படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெஞ்சு அகலம்.

இதற்கெல்லாம் நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. வியாபாரத்தில் விழுவது எழுவது உண்டு, நீயும் நல்லதை நினைத்துத்தான் சொன்னாய். என்னைக் கொன்றது அதற்குப் பிறகு வந்தது. போன ரமலானில் ஷாஜியா உன் பேச்சு யூடியூபில் வந்திருக்கிறது என்று ஓடிவந்தாள். நோன்பு திறந்துவிட்டு அத்தா, அன்சர், நான் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். கோட்டு போட்டு நீ நின்றாய், மாஷா அல்லாஹ் என்றேன். நீ ஆங்கிலத்தில் பேசப் பேச ஷாஜியா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். புதுத் தொழில் ஏன் தோற்கிறது, கொள்கை வகுப்பவர்கள் அதிலிருந்து என்ன கற்க வேண்டும் என்று சொன்னாய். தென்னிந்தியாவில் ஒரு சிறு வியாபாரி என்றாய். திடீரென்று அன்சர் குரல் கேட்டது. அவன் அனுப்பியது. கீழே ஆங்கில எழுத்து ஓடுகிறது, அத்தனை பெரிய சபையில் என் பிள்ளை அப்பளம் மாதிரி நொறுங்குது அண்ணா என்கிறான், சபை சிரிக்கிறது. அவன் அப்படித்தான், அழும்போதும் சிரிக்கிற மாதிரிதான் சொல்வான். அப்புறம் அந்த அழுகை வந்தது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டுக் குறிப்பெடுத்தார்கள். ஷாஜியா தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டாள், அழுகைக்கு அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை. இது பயனுள்ள தோல்வி என்று நீ முடித்தாயாம். கடைசி வரைக்கும் இவன் என் தம்பி என்று நீ சொல்லவில்லை. அத்தா எழுந்து கை கழுவப் போனார். "அவன் படிப்புக்கு நாமதான் புஸ்தகம் போல" என்றார், அன்றிலிருந்து உன் பெயரை எடுப்பதில்லை. அன்சர் நோன்புக் கஞ்சிக் கிண்ணங்களை அடுக்கி உள்ளே எடுத்துப் போனான். பெருநாள் கழிந்து உளுந்தூர்பேட்டையில் சென்னை ரோட்டு மேல் ஒரு ஓட்டலில் பில் போடுகிற வேலைக்குப் போய்விட்டான். பஸ் நின்று பஸ் கிளம்பும், யாரோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வேண்டியதில்லை. நம் அன்சருக்கு அது பிடித்திருக்கிறதாம்.

இப்படி இருக்கையில்தான் போன மாதம் நீ போன் செய்து, ஆய்வு அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறது, இன்னொரு பெரிய கூட்டம், அன்சர் திரையில் வந்து பத்து நிமிடம் பேசினால் போதும், அவன் போனை எடுப்பதில்லை, நீ போய்ச் சொல் அம்மா என்றாய். உன் பேச்சைத் தட்ட முடியாமல் நானும் பஸ் ஏறினேன், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது. ஓட்டலில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன், படவில்லை. டீ வாங்கிக் கொடுத்து எதிரில் உட்கார்ந்தான். "பேசறேம்மா. நான் பேசி அடுத்தவனாவது தப்பிச்சா நல்லதுதானே. ஆனா மொதல்ல அவுரு அந்த சபையில, இவன் என் கூடப்பொறந்த தம்பி, நான் சொல்லித்தான் எறங்கினான்னு சொல்லட்டும். அப்புறம் இன்னா வேணா கேக்கட்டும்" என்றான். நியாயமா இல்லையா நீயே சொல். அதை உனக்கு அப்படியே சொன்னேன். நீ, சொந்தக்காரன் என்று இப்போது சொன்னால் ஆய்வின் நம்பகத்தன்மை போய்விடும், முன்பே சொல்லியிருக்க வேண்டும், இனிமேல் சொன்னால் என் வேலைக்கே ஆபத்து, அவனுக்குப் புரிய வை அம்மா என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ மெசேஜ் போட்டாய். லைன் கட்டாகவில்லை.

உன் வேலை போக வேண்டும் என்று நான் எந்த நாளும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் மரியாதையை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கோட்டுத் தைத்துப் போட எனக்கு மனசில்லை. எத்தனையோ வருஷத்துக்கு அப்பால் நடக்கப்போவதெல்லாம் உன் கண்ணுக்குத் தெரிகிறது, பக்கத்தில் நிற்கிற தம்பி மட்டும் தெரியவில்லை என்றால் அந்தப் படிப்பை என்னவென்று சொல்வது. நேற்று ஷாஜியாவை உட்காரவைத்து, அந்த வீடியோவுக்குக் கீழே எல்லோரும் எழுதுகிற இடத்தில் நான் சொல்வதை எழுதச் சொன்னேன். வேண்டாம் அம்மா, அண்ணனுக்குப் பிரச்சினையாகிவிடும் என்று அழுதாள். எழுது என்றேன். இதில் அழுகிறவன் பெயர் அன்சர். இதில் பேசுகிறவருக்கு உடன்பிறந்த தம்பி. இருவரையும் பெற்றவள் நான், ஜீனத்துன்னிசா, கள்ளக்குறிச்சி. அவ்வளவுதான், கூடக் குறைய ஒன்றும் இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வைத்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே நீ அதைப் பார்த்திருப்பாய், அன்சர் செய்தது என்று நினைத்துவிடாதே, அவனுக்கு இது தெரியாது. ஷாஜியாவையும் திட்டாதே. அழித்துவிட உன்னால் முடியுமாம், அவள் சொன்னாள். அழிப்பதானால் நீயே உன் கையால் அழி, வேறு யாரையும் விட்டுச் செய்யாதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல இல்மையும் கல்வியறிவையும் தரட்டும், அந்த இல்மோடு இரக்கத்தையும் சேர்த்துத் தரட்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, தொழுகையை விடாதே. அன்சர் தன் பழைய நம்பரை மாற்றிவிட்டான். புது நம்பர் என்னிடம் இருக்கிறது, இதில் எழுதவில்லை. ஆய்வுக்கு என்று கேட்டால் தரமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், அன்சரையும் பெற்றவள்,
ஜீனத்துன்னிசா