லீவுக்கு எழுதாத காரணம்

வடக்குப்பட்டு
12.6.2011

அன்புள்ள சுகப்பிரியாவுக்கு,

நான் நலம். வீட்டில் எல்லாரும் சுகம்தானே? போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. அறையில் ஏழு பேர் இருக்கிறோம். இந்தச் சங்கதியை அவர்கள் காதில் விழப் பேச முடியாது.

இடுப்பு வலிக்கு ஒரு ஆயுர்வேத வைத்தியரைப் பார்த்தேன். வஸ்தி எடுக்கச் சொல்கிறார். பின்வழியாக மூலிகைக் கஷாயம் ஏற்றுவார்களாம். முதல் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்து, வேது பிடித்து, கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும். மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் கஷாயம். அன்று வயிறு பிசையும், நாலைந்து தடவை போகும், அடக்கக் கூடாது, அறையிலேயே இரு என்கிறார். கம்பெனியில் இரண்டு நாள் லீவு கேள்வியில்லாமல் கிடைக்கும். மூன்றாம் நாளுக்குக் காரணம் எழுதித் தரவேண்டும். இதை எப்படி எழுதுவேன்? காலையில் முடித்துவிட்டு இரண்டாம் ஷிப்ட் போய்விடலாம் என்று பார்க்கிறேன்.

யாரிடமும் சொல்லிவிடாதே.

உன்
நம்பிராஜன்

களக்காடு
16.6.2011

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லவேளை, கடிதத்தை நானே பிரித்தேன், தப்பித்தீர்கள். சிரித்து முடித்த பிறகுதான் பாவமாக இருந்தது. கல்யாணமாகி ஏழு மாதமாகிறது, வலி என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? நான் அங்கே இருந்திருந்தால் கஞ்சியாவது காய்ச்சித் தந்திருப்பேன்.

வைத்தியர் சொன்னதைக் கேளுங்கள். காய்ச்சல் என்றாவது எழுதிக் கொடுங்கள். ஷிப்டுக்கு மட்டும் போகாதீர்கள்.

உங்கள்
சுகப்பிரியா

வடக்குப்பட்டு
21.6.2011

அன்புள்ள சுகப்பிரியாவுக்கு,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. நேற்றுக் காலை வஸ்தி எடுத்துவிட்டு, மதியம் ஷிப்டுக்குப் போனேன். ஐந்து மணிக்கு வயிறு பிசையத் தொடங்கியது. வரிசையாக நின்று பாகம் பூட்டும் லைனில் ஒருவர் நகர்ந்தால் அந்த இடத்தில் மாற்று ஆள் வந்து நிற்க வேண்டும். கை தூக்கினேன், யாரும் வரவில்லை. கால் மணி நேரம் அடக்கினேன். பிறகு போட்டது போட்டபடி ஓடினேன். லைனே நின்றுபோனது.

திரும்பி வரும்போது கால் தள்ளாடியது. "இன்னாப்பா, சரக்கு அடிச்சிக்கினு வந்துட்டியா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். சுற்றிலும் பெண்பிள்ளைகள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். குடித்து வந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

உன் அண்ணன் சுடலை பக்கத்து லைனில்தான் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் போனார். உடம்பு தேவலை, அசதிதான் இருக்கிறது. நீ என்னை நம்புவாய் அல்லவா?

நம்பிராஜன்

களக்காடு
25.6.2011

அத்தானுக்கு,

நீங்கள் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாக அண்ணன் போன் செய்த அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அப்பாவின் குடியால் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று நான் கேட்டது ஒரே கேள்வி, குடிப்பீர்களா என்று. "இனிமே நீ அங்க போவ வேண்டாம்ளா" என்று அம்மா சொல்லிவிட்டாள். உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வஸ்தி விஷயம் தெரிந்திருந்தும் அந்த மூன்று நாளும் நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன். அதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

யாரிடமும் சொல்லாதே என்றீர்கள். சொல்லிவிட்டேன். அம்மாவையும் சித்தியையும் உட்காரவைத்து, வஸ்தி என்றால் என்ன, அதை எப்படி எடுப்பார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். அண்ணனுக்கும் போனில் சொல்லியாயிற்று.

வியாழக்கிழமை காலை வந்து சேர்வேன். வைத்தியரிடம் சீட்டு எழுதி வாங்கி வையுங்கள். சூப்பர்வைசரிடம் நீங்கள் வாய் திறக்க வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். குடிகாரன் பெண்டாட்டி என்று பேர் வாங்கத்தான் எனக்கு வெட்கம், இதைச் சொல்ல இல்லை.

உங்கள்
சுகப்பிரியா