மரியான் போட மறுத்த ரோஸ் ஜாக்கெட்

தூத்துக்குடி,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் பெவினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் அப்பாவும் நானும் இங்கே சுகம், அபர்டீன் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஜெபசிங் அண்ணாச்சியின் மகள் படிப்புக்காக உங்கள் ஊருக்கே வருகிறாள், பெட்டியில் கொஞ்சம் இடம் தந்திருக்கிறாள், அதில் மக்ரூனும் கருவாட்டுப் பொடியும் இந்தக் கடிதமும் வருகின்றன. அடியில் இன்னொரு பொட்டலமும் இருக்கிறது, அதைப் பிரித்துச் சிரிப்பதற்கு முன்னால் இதைக் கடைசிவரை படி. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, சபைக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனால் சீனி போட்ட டீயைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார், கேட்டால் யாரோ வற்புறுத்தினார்களாம். இந்த வீட்டில்தான் என் பேச்சுக்கு மரியாதை இல்லை என்று பார்த்தால் வேலைக்குப் போகிற இடத்திலும் அதே கதைதான், அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

துறைமுகத்துக்குப் போகிற பைபாஸில் எங்கள் கம்பெனி பெரிய குடோன் கட்டுகிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அங்கே நான்தான் சேஃப்டி ஆபீசர். முதலுதவி அறையில் நர்சாக இருந்த பழக்கத்தில் எல்லாரும் இன்னும் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சைட்டுக்குள் வருகிற எல்லாரும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட வேண்டும், டிப்பர் லாரி பின்னால் வரும்போது கை காட்டுகிற சிக்னல்மேன் மட்டும் சிவப்பு, டிரைவர் கண்ணாடியில் சிவப்பைத் தேடி அந்தக் கை சொல்கிறபடி வண்டியை எடுக்க வேண்டும், இது தலைமை அலுவலகத்தின் விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குலசேகரன்பட்டினம் தசரா என்று ஒன்று இருப்பது அங்கே உட்கார்ந்து எழுதினவருக்குத் தெரியவில்லை. புரட்டாசி வந்தால் முத்தாரம்மனுக்கு மாலை போட்டவர்கள் சிவப்புச் சட்டை, சிவப்பு வேட்டியில்தான் வேலைக்கு வருகிறார்கள். அதற்கு மேல் மஞ்சள் ஜாக்கெட் போட்டால் சிக்னல்மேன் இல்லை என்று தெரியுமே என்று நீ கேட்பாய். போட மாட்டார்கள். எங்கள் ஜாக்கெட் எல்லாம் பொது, சாயங்காலம் ஸ்டோரில் குவித்துவிட்டுப் போனால் காலையில் கையில் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். விரதத்தில் இருக்கிறவன் நேற்று யாரோ கறியும் மீனும் தின்றுவிட்டு வியர்த்த சட்டையை மேலே போடுவானா? இதைப் போன மாதமே மேனேஜர் கிருபாகரனிடம் சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் சிஸ்டர் என்றார். அவர் பார்த்த லட்சணம் செவ்வாய்க்கிழமை தெரிந்தது.

அன்றைக்கு டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல்மேன் மரியான் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான். திரேஸ்புரத்துப் பையன், கெட்டவன் இல்லை, ஆனால் போகும்போது டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து மாலை போட்ட கம்பி வேலைக்காரன் செந்தூர்வேல் சிவப்புச் சட்டையோடு நின்று டீக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டியிருக்கிறான். நாமக்கல் டிரைவர் கண்ணாடியில் சிவப்பைப் பார்த்தார், கை ஆடுவதைப் பார்த்தார், வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டார். வண்டிக்குப் பின்னால் சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இசக்கியம்மாள் குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். யாரோ கத்திய சத்தத்தில் சட்டியைப் போட்டுவிட்டு விலகி விழுந்தாள். சட்டி மேல் சக்கரம் ஏறிவிட்டது. பெவின், அந்தச் சட்டியை நான் கையில் எடுத்துப் பார்த்தேன், தகடாய் நசுங்கியிருந்தது. முதலுதவி அறையில் அவளை உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் வாசலில் நின்றுகொண்டு, சிவப்பு நின்னுச்சுங்க, கையைத் தூக்குனாருங்க, வந்துட்டனுங்க என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

கோபம் வந்தது மறுநாள் கூட்டத்தில். மாலை போட்டவர்கள் சிவப்புச் சட்டை போடக் கூடாது என்று நான் ஓர் உத்தரவு போட வேண்டுமாம், கிருபாகரன் சாவகாசமாகச் சொல்கிறார். நாசரேத்துக்காரி, நம் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி, நான் போய் அம்மன் மாலை போட்டவனிடம் சட்டையைக் கழற்றடா என்று சொல்ல வேண்டுமாம், அப்புறம் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் என் தலையில் கட்டப் பார்க்கிறார். அதைவிட, அப்படிச் சொல்வது சரியும் இல்லை. பிள்ளைக்கு உடம்பு தேறினால் வேஷம் கட்டி வருகிறேன் என்று ஒருவன் நேர்ந்துகொண்டால் அது அவனுக்கும் அவன் அம்மனுக்கும் உள்ள பேச்சு, நம் வேலை வண்டி யார்மேலும் ஏறாமல் பார்ப்பது. சிக்னல்மேனுடைய நிறத்தை மாற்றுங்கள் என்றேன். சரி, எந்த நிறம் என்று ஆரம்பித்தோம் பார், வயிற்றெரிச்சல். பச்சை என்றால் திருச்செந்தூருக்கு நடந்துபோகிறவர்கள் நிறம், கறுப்பும் நீலமும் ஐயப்பனுக்கு, காவி என்றால் வேளாங்கண்ணிக்கு நடக்கிற மரியானே காவிதான் போடுகிறான், வெள்ளை என்றால் சிமெண்டுத் தூசிக்குள் கண்ணுக்கே தெரியாது. எதைத் தொட்டாலும் ஒரு சாமி வந்து நிற்கிறது. கடைசியில் மிஞ்சியது பளிச்சென்ற ரோஸ் ஒன்றுதான். நானே கடை கடையாய் அலைந்து ரோஸ் ஜாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன். விரதக்காரர்களுக்கு ஆளுக்கொரு புது மஞ்சள் ஜாக்கெட், பெயர் எழுதி, வேறு யாரும் தொடாமல் வைத்துக்கொள்ள என்று சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தேன். செந்தூர்வேல் உடனே வாங்கி மாட்டிக்கொண்டான், புதுசுன்னா போடுதேன் சிஸ்டரம்மா, எங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லையே என்றான். இவ்வளவுதான் விஷயம், கேட்க ஒரு நாதி இல்லை.

மரியான்தான் மாட்டேன் என்றுவிட்டான். ரோஸ் கலரப் போட்டுட்டு நான் திரேஸ்புரத்துல தலைகாட்டாண்டாமா, பயலுவ படம் புடிச்சுப் போட்டுருவானுவ என்று ஒரே அழிச்சாட்டியம். ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது, இவனுக்கு நிறம் பெரிதாகத் தெரிகிறது. நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. அப்போது இசக்கியம்மாள், சக்கரத்துக்குத் தப்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய சட்டையைப் போட்டிருந்தாள், அதற்கு மேலே அந்த ரோஸ் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு விசிலையும் மரியான் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டாள். காண்டிராக்டர் சுடலைக்கண்ணு, பொம்பளை கைகாட்டி வண்டி எடுக்கதா, வெளங்கும் என்றார். நான் அவளுக்குக் கை சைகை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், வெள்ளிக்கிழமை முழுக்க அவள்தான் நின்றாள். சுடலைக்கண்ணுவின் சொந்த வண்டியையே நடுவழியில் விசில் அடித்து நிறுத்தி, பின்னால் நின்ற ஆளை விலக்கிவிட்டுத்தான் விட்டாள்.

இவ்வளவும் ஆன பிறகு சனிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வருகிறது. ரோஸ் நிறம் தற்காலிக அனுமதியாம், தசரா முடிந்ததும் பழையபடி சிவப்பாம், எல்லா ஊரிலும் ஒரே நிறம் இருந்தால்தான் அழகாம். ஆடி மாதம் மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிற சித்தாள்கள் சிவப்புச் சேலையில் வருவார்களே என்று எழுதினேன், அதற்குப் பதில் இல்லை. வருகிற மே மாதத்தோடு எனக்கு ரிட்டயர்மெண்ட். அடுத்த புரட்டாசிக்கு நான் அங்கே இருக்க மாட்டேன், செந்தூர்வேல் மறுபடி மாலை போடுவான், கண்ணாடியில் மறுபடி சிவப்பு நிற்கும். மனசு கேட்காமல் அன்றைக்கு வேலை முடிந்து கிளம்பும்போது இதை இசக்கியம்மாளிடம் சொன்னேன். அவள் ஜாக்கெட்டை ஸ்டோரில் போடாமல் மடித்துத் தூக்குப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நீங்க போனா போங்க சிஸ்டரம்மா, அந்தச் சட்டி இருந்த எடத்துல இருந்தது நான்லா, இத எவன் வந்து கழத்துதான்னு பாக்கேன் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒரு விதியை ஒருத்தி தன் வீட்டுச் சாமான் மாதிரி எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வீடியோவில் நீ புதுக் கோட் ஒன்றைக் காட்டினாய், தலை முதல் முழங்கால்வரை கறுப்பு. வேலை முடிந்து சைக்கிளில்தான் வருகிறேன், நவம்பர் வந்தால் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று நீயே சொன்னாய். விளக்கு இருக்கிறதும்மா என்றாய். டிரைவர் எந்த ஊரானாலும் டிரைவர்தான், அவர் கண்ணில் படாததை அவர் எப்படிப் பார்ப்பார்? ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் விதி எழுதுகிறவளின் ஒரே பிள்ளை இருட்டில் கறுப்புக் கோட்டில் போகிறது என்று நினைத்தால் எனக்கு அந்த நசுங்கின சட்டிதான் கண்ணில் வந்து நிற்கிறது, பயமாக இருக்கிறது பெவின், வேறு என்ன சொல்ல. பெட்டியின் அடியில் இருப்பது மரியான் போட மறுத்த ரோஸ் ஜாக்கெட்டின் ஜோடி, உனக்கென்று என் காசில் வாங்கியது. அவன் திரேஸ்புரத்துக்குப் பயந்தான், உன்னை அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? கோட்டுக்கு மேல் போட்டுக்கொள், சிரிக்கிறவன் சிரிக்கட்டும், சிரிக்கிறான் என்றால் நீ அவன் கண்ணில் பட்டுவிட்டாய் என்றுதானே அர்த்தம்.

போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. அப்பா முத்தம் சொல்லச் சொன்னார். மக்ரூனை ஒரே நாளில் தீர்த்துவிடாதே. போட்டோ அனுப்பு, ஜாக்கெட்டோடு, சைக்கிள் மேல், இருட்டினபிறகு எடுத்தது. அதில் நீ எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா,
ஞானபாய் கிருபாநிதி