சேவியர் மாமாவுக்கு மேடில்லாத வழி

நவ. 3, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் நேராகச் சைக்கிள். மேகமூட்டம், மழை இல்லை. வரதராஜன்பேட்டை வரை தார் ரோடு. அப்புறம் முந்திரிக்காட்டுக்குள் செம்மண் தடம், சரளை நன்றாக இறுகிக் கிடக்கிறது. அகல டயருக்கு அல்வா மாதிரி வழி. எனக்குச் சரி, சேவியர் மாமாவுக்கு ஆகாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி எனக்கே இடுப்பு கழன்றுவிட்டது. இந்த வழி ரத்து.

போன வாரம் பார்த்த பாடாலூர்ப் பக்கத்துப் பாறைத் தரிசும் ரத்து. மேடு இன்னும் மோசம். எதிர்க்காற்று வேறு.

மாமா அக்கா புருஷன் என்பதற்காக மட்டும் நான் இப்படி அலையவில்லை. அஞ்சு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஏதாவது ஒரு மண்ரோட்டில்தான். ஜூனில் அவருக்கு நெஞ்சுவலி. திருச்சியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் சைக்கிள் மாடியில் பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கிறது. போர்த்தியது அக்கா.

வரும் வழியில் டீ. கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்த்து, "காத்து கம்மியா இருக்கே சார், அடிச்சுத் தரவா?" சரளையில் ஓட்ட அப்படித்தான் வைக்கணும் என்றேன். நம்பவில்லை. ஒருத்தரும் நம்புவதில்லை.

நவ. 5, செவ்வாய்

திருச்சி. மாமாவுக்கு செக்கப். அக்காவும் நானும் கூட. டாக்டர் சின்ன வயசு, பொறுமையானவர். "சமதரையில சைக்கிள் தாராளமா ஓட்டலாம். மேடு ஏற வேண்டாம். கனமா எதையும் தள்ளாதீங்க, தூக்காதீங்க." முதல் பாதி மாமா காதில் விழுந்தது. இரண்டாவது பாதி அக்கா காதில் விழுந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அரியலூர் வரைக்கும் இதே சண்டை, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில்.

அக்கா கடைசியில் என்னிடம் திரும்பினாள். "இன்னொரு தடவ அந்த ஐசியூ வாசல்ல என்னால ஒக்கார முடியாதுடா. நீ அவருக்குத் தூபம் போடாத."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருமானூர்ப் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். இப்போது அவரை நாற்காலியில் உட்கார வைத்து, விசிலை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்களாம். சைக்கிளும் போனால் மனுஷன் ஒடிந்துபோவார். அக்கா சொல்வதும் நியாயம்தான். நடுவில் நான்.

என் பிரின்டிங் கடை: காதணி விழா ஃப்ளெக்ஸில் தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு. மறுபடி அடிக்கணும். அந்தத் தாய்மாமன் நேரில் வந்து கத்திவிட்டுப் போனார்.

நவ. 9, சனி

எனக்கு ஏன் இது முன்னாடியே உறைக்கவில்லை? மண்டு, மண்டு. வாய்க்கால் கரை! தண்ணீர் மேடு ஏறாது. அப்புறம் கரை மட்டும் எங்கே ஏறப் போகிறது?

கடையை வேலை பார்க்கும் பையனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். திருமானூருக்கு வடக்கே வாய்க்கால் கரையைப் பிடித்து, வயல் நடுவே இறங்கி, கொள்ளிடக் கரை ஏறி ஏலாக்குறிச்சி. கரைக்கு ஏறும் இடம் ஒன்றே ஒன்று, அங்கே இறங்கி நடந்துகொள்ளலாம். மற்றபடி மேசை மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் நிறைய. கரும்பு ஆளுயரம். கொக்கு, நாரை, பெயர் தெரியாத ஒரு கறுப்புப் பறவை.

ஆடு மேய்க்கும் ஒரு அம்மா வழிமறித்தார். தலையில் ஹெல்மெட், ஹேண்டில்பாரில் போன், அதுதான் காரணம்.

"சர்வேக்கு வந்திருக்கீங்களா சார்? ரோடு போடுறாங்களா?"

"இல்லம்மா. சும்மா சுத்துறேன்."

"சும்மாவா? வூட்ல வேல ஒண்ணும் இல்லியா?"

சிரித்துவிட்டு மிதித்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். வாய்க்காலை விட்டு இறங்கும் இடத்தில் கொஞ்ச தூரம் கரிசல். இப்போது காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. மழை பெய்தால் களி.

நவ. 10, ஞாயிறு

அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மீன் குழம்பு. சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தேன். வெறும் வயிற்றில் அக்காவிடம் இதைப் பேச எனக்குத் துணிச்சல் கிடையாது.

போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்தாள். மாமா கை கழுவப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார், குழாயை மூடாமல்.

அப்புறம் அக்கா: "போகட்டும். ஆனா நான் ஸ்கூட்டில பின்னாடியே வருவேன்."

"கரையில ஸ்கூட்டியா? கஷ்டம்க்கா."

"அப்ப நீங்களும் போகாதீங்க."

முடிந்தது பேச்சு. மாமா குழாயை மூடிவிட்டு மாடிக்குப் போனார். பெட்ஷீட்டை உதறும் சத்தம் கீழே கேட்டது.

நவ. 14, வியாழன்

நேற்று ராத்திரி நல்ல மழை. கரிசல் பக்கம் எப்படி இருக்குமோ. சனிக்கிழமை போவதைத் தள்ளிப்போடலாம் என்று மாமாவிடம் போனில் சொன்னேன். "ரெண்டு நாள்ல காஞ்சிரும் மாப்ள" என்றார். செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்றாம், தெருவில் நாலு ரவுண்டும் போயாயிற்றாம். அவர் குரலில் அந்தப் பழைய கெத்து. எனக்குச் சிரிப்பும் பயமும்.

கரன்ட் இல்லை. பிரின்டர் சும்மா கிடக்கிறது.

நவ. 16, சனி

போய் வந்தாயிற்று. கை காலெல்லாம் மண். குளித்தும் நகத்துக்குள் இருப்பது போகவில்லை.

காலையில் நல்ல வெளிச்சம். மாமா முன்னால், நான் நடுவில், பின்னால் டுர்ர்ர் என்று அக்கா. கலெக்டர் ஊர்வலம் மாதிரி. வயலில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா ஒரே ஒரு தடவை திரும்பி, "எனக்காக மெதுவா ஓட்டாத மாப்ள" என்றார். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

கரிசல் காயவில்லை. மேலே தோல் மாதிரி காய்ந்து, உள்ளே களி. பத்தடியில் என் சக்கரம் நின்றுவிட்டது. மண் உருண்டு உருண்டு ஃபோர்க்கில் அடைத்துக்கொண்டது. என் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, "நில்லுங்க மாமா, ஒங்க வண்டிய நான் வந்து தூக்குறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனேன். ஒவ்வொரு செருப்புக்கு அடியிலும் ஒரு கிலோ மண்.

திரும்பிப் பார்த்தால் ஸ்கூட்டி பாதிச் சக்கரம் உள்ளே. அக்கா ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க இன்னும் இறங்குகிறது. மாமா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார். "மாமா வேணாம்!" என்று நான் கத்தினேன். அக்காவும் கத்தினாள். அவர் யார் பேச்சைக் கேட்டார்? இரண்டு கையையும் கொடுத்து, தோளையும் கொடுத்து ஒரு தள்ளு. வண்டி வரவில்லை. இன்னொரு தள்ளு. வந்துவிட்டது.

நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்கா வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா? ஏங்க, வலிக்குதா?"

"இல்லடி."

"பொய் சொல்லாதீங்க."

"ஒனக்குத்தான் மூச்சு வாங்குது. ஒக்காரு மொதல்ல."

அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தாள். அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "நீங்க ரெண்டு பேரும் கர வழியா வாங்க. நான் ரோட்டுல போயி ஏலாக்குறிச்சில நிக்கிறேன்" என்றாள். ஸ்கூட்டியை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். திரும்பிப் பார்க்காமல் போனாள். மாமா சைக்கிளையும் நானே தோளில் போட்டுக் கரிசலைக் கடத்தினேன்.

கொள்ளிடக் கரையில் நல்ல சரளை. ஆற்றில் பாதி மணல், பாதி தண்ணீர். கொஞ்ச தூரம் போனதும் மாமா பிரேக் பிடித்து நின்றார். நானும் பக்கத்தில் போய் நிறுத்தினேன்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல." ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒங்கக்கா ராத்திரி தூங்குறதில்ல மாப்ள. என் மூச்ச கேட்டுக்கிட்டே படுத்திருப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா பயந்துருவான்னு, நானும் தூங்குற மாதிரியே மூச்சு விட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன்."

அப்புறம் மிதித்தார். நானும்.

ஏலாக்குறிச்சியில் கோயிலுக்கு எதிரே அக்கா, இளநீரோடு. மாமாவை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சட்டையெல்லாம் நாசம்" என்றாள். அவ்வளவுதான்.

மாமா சொன்னதை அவளிடம் சொல்லலாமா என்று வீடு வரும்வரை யோசித்தேன். சொல்லவில்லை. இன்று ராத்திரியாவது இரண்டு பேரும் நிஜமாகத் தூங்கட்டும்.