சீனித் தண்ணீர்

சாத்தூர்,
18.9.2007

அன்புள்ள அத்தானுக்கு எழில் எழுதுவது. இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள், லோடு ஆபீசில் யார் கையிலும் சிக்க வேண்டாம்.

பாப்பா பிறந்த அன்று உங்கள் அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: பிள்ளையை உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், அக்காவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.

எட்டாம் மாதப் பரிசோதனையில் தெரிந்தது. என்னிடம் மட்டும் சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அவுகளுக்குத் தெரிஞ்சா லாரியக் கொண்டுபோயி எங்கனயாவது மோதிருவாக" என்று உங்களை நினைத்துப் பயந்தாள். அரசு மையத்தில் அவளுக்கு இலவசமாக ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வலி எடுத்ததும் மறைவாக விழுங்கினாள். பிள்ளைக்கும் மூன்று நாளுக்குள் ஒரு மருந்து கொடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்குத் தொற்றும் ஆபத்து பாதியாகக் குறையும் என்றார்களாம்.

பிறக்கும் பிள்ளைக்குச் சேனை வைக்க வீட்டில் என்னைத்தான் கேட்டிருந்தார்கள். நாக்கில் முதல் இனிப்பு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வருமாம், நான் புத்தகம் படிக்கிறவளாம். அந்த மருந்தையே சேனையாக வைத்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

காலையில் வீட்டில் பாப்பா பிறந்ததும் பஸ் ஏறினேன். மையத்தில் மருந்து தீர்ந்திருந்தது. "ஃப்ரீதாம்மா. மேல இருந்து பணம் ஒதுக்குனாத்தான சப்ளை வரும்? பிள்ளையத் தூக்கிட்டு மதுரைக்குப் போங்க, கையில தர மாட்டாக" என்றார் நர்ஸ். பிறகு ஏழு மருந்துக் கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பெயரை எழுதிக் காட்டியதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

வெறுங்கையோடு திரும்பும்போது சாயங்காலம். சேனைக்காகப் பால்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். "பிள்ள நாக்கு காஞ்சு கெடக்கு, மகாராணி ஆடி அசைஞ்சு வாரா" என்று அத்தை கிண்ணத்தைக் கொடுத்தார்கள். சீனித் தண்ணீர். அக்கா கட்டிலில் படுத்தபடி என் விரலையே பார்த்தாள். தொட்டு வைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த இரண்டு நாளும், மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டுவோம் என்று கெஞ்சினேன். "நல்லாக் கெடக்க பச்சப்பிள்ளய பஸ்ஸுல ஏத்தவா? போடி கூறுகெட்டவளே" என்றார்கள் அத்தை. சொல்ல வாய் எடுத்தேன். சொன்னபின் அக்கா எங்கே போவாள் என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் நாளும் போயிற்று.

அத்தான், உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நீங்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். தீபாவளி சீசன் முடியட்டும் என்று இருக்காமல் வந்துவிடுங்கள். அக்காவிடம் கோபப்படாதீர்கள். அன்று வைத்தது வெறும் சீனித் தண்ணீர் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அதை நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

பாப்பா நன்றாக நடக்கிறாள். என்னைப் போலவே வாய் திறக்காத பிள்ளையாம், அத்தை எல்லோரிடமும் சொல்கிறார்கள். பதினெட்டு மாதம் முடிந்ததும் பரிசோதனைக்கு வரச் சொல்லி மையத்தில் சொல்லியிருந்தார்கள். நான்தான் தூக்கிப் போனேன். நேற்று முடிவு வந்தது. பாப்பாவுக்கும் இருக்கிறது.

உங்கள் கொழுந்தியாள்,
எழில்