கெடுதலா என்று தெரியாத மாற்றம்

ஆவணி 12, வியாழன்

என் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை எடுத்தபின் கொடுத்திருந்த மரபணுப் பரிசோதனையின் முடிவை இன்று சேலத்தில் டாக்டர் வாசித்துச் சொன்னார். ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கிறதாம்.

"ஜப்பான், கொரியாவுல சில பேருக்கு இதப் பாத்திருக்காங்க. நம்ம ஆளுங்கள அவ்வளவா சோதிச்சதில்லைங்க. அதனால கெடுதலா இல்லையான்னு இப்பச் சொல்ல முடியாது."

தலையாட்டினேன். பஸ்ஸில் உட்கார்ந்தும் அழுகை வரவில்லை.

ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டும் தங்கச்சி சாந்திக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எனக்கும் அது இருக்குமாக்கா?"

"இருக்கலாம்னாங்க."

"கெடுதலான்னே தெரியலீன்னா நான் எப்படிக்கா பயப்படறது?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். போய்ச் சாப்பிடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.