பஞ்சுவின் எடை

மார்ச் 3, செவ்வாய்
பஞ்சு இன்று இருபத்தாறு கிலோ நானூறு. ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்திலேயே என் பேத்திதான் லேசு, பட்டப்பெயருக்கு ஏற்ற மாதிரி. காலையில் அவள் எடையைப் பார்த்து எழுதுகிற வேலையை மாஸ்டர் என்னிடம்தான் ஒப்படைத்திருக்கிறார். "உங்க பாட்டி எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றாராம், அத்தனை பிள்ளைகள் முன்னால். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளுக்கு வேறென்ன வேண்டும்.

மார்ச் 9
இருபத்தாறு எண்ணூறு. குப்பைக்கூடையில் வாழைப்பழத் தோல். முதுகில் ஒரு அடி கொடுத்தேன்.

மார்ச் 10
கூடத்துக்குள் பெரியவர்கள் போகக் கூடாது. வெளி பெஞ்சில் இருந்தேன். உள்ளே யாரோ ஓடிக்கொண்டே இருக்கிற சத்தம். எந்தப் பிள்ளையோ பாவம் என்று நினைத்தேன். ஓடினது தான்தான் என்று பஞ்சு வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். கூடின நானூறு கிராமுக்காக நாற்பது சுற்றாம்.

ஏப்ரல் 2
உள்ளங்கை அகலக் கட்டை மேல் நின்றவள் மயங்கி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிவு. "வீட்ல சாப்பாடு போடுறதில்லையா?" என்று டாக்டர் என் மகளைக் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 11
மாஸ்டர் மேல் நாலு வீட்டிலிருந்து புகார். விசாரணைக்குழு போட்டிருக்கிறார்கள். "எடை பார்க்கச் சொன்னதே இல்லை, எல்லாம் வீட்டுக்காரங்க ஆசை" என்கிறாராம். வாய் கூசாமல்!
எழுதி வைத்தது நான் ஒருத்திதான். இந்த நோட்டைக் குழுவிடம் கொடுத்தால் நான் அடித்ததும் வெளியே வரும். கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போவுது?

ஏப்ரல் 12
கிழிக்கவில்லை.

ஏப்ரல் 13
மாஸ்டர் போன் பண்ணினார். "பாட்டிம்மா, அந்த நோட்டு இருக்கா? உங்க பேரும் கெடும், பாத்துக்கங்க."
"இருக்கு தம்பி" என்றேன். இத்தனை நாள் அவரைத் தம்பி என்றதில்லை.

ஏப்ரல் 16
இது புது நோட்டு. பழையதைக் குழு வாங்கி வைத்துக்கொண்டது.
தலைவியம்மா சத்தமாகப் படித்தார். அடித்தேன் என்ற இடத்தில் நிறுத்தினார். "அடிக்கச் சொன்னது மாஸ்டரா?"
ஆமாம் என்றிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கட்டுப்போட்ட கையோடு பஞ்சு பக்கத்தில்.
"இல்லைங்க. அது என் புத்தி."

ஜூலை 6
மாஸ்டரை நீக்கியாயிற்று. கூடத்தில் எடை மெஷின் கிடையாது, கதவு சாத்துவது கிடையாது, வீட்டார் உள்ளேயே உட்காரலாம். சுவரில் ஒட்டியிருந்த இந்தப் புது விதிகளை ஒரு வரி விடாமல் படித்தேன். பஞ்சு மறுபடி போகிறாள். புது டீச்சரோடு சிரித்துப் பேசுகிறாள்.
வீட்டில்தான்... நான் சமையலறைக்குள் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிடுகிறாள். மூன்று மாதமாக இதே கதை. என்ன சொல்லி மாற்றுவது? இன்று என் தட்டையும் எடுத்துப் போய், அவள் பக்கத்தில், சுவரைப் பார்த்தே உட்கார்ந்தேன்.
பாதியில், "உப்பே இல்ல பாட்டி" என்றாள்.
"ஆமா, எனக்கும் இல்ல."
உப்பு எடுக்க எழுந்தவள் இன்னொரு கரண்டி சோறும் போட்டுக்கொண்டு வந்தாள்.